பனியே பெய்யாத ஊரிலிருந்து ஒரு ஸ்கீ வீரர்

இந்த முறை கிரிக்கெட்டும் இல்லை, பட்ஜெட்டும் இல்லை. முதலில் இரண்டு எண்கள்.

27 நிமிடம் 24.5 வினாடி.
47 நிமிடம் 25.5 வினாடி.

1998 பிப்ரவரி 12, ஜப்பானின் நாகானோ குளிர்கால ஒலிம்பிக். ஆண்களுக்கான 10 கிலோமீட்டர் கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங் போட்டியில் முதலில் வந்தவரின் நேரம் முதல் எண். கடைசியாக, அதாவது 92ஆவதாக வந்தவரின் நேரம் இரண்டாவது எண். நடுவில் சரியாக 20 நிமிடம் 1 வினாடி. முதலில் வந்தவர் நார்வேயின் பியோர்ன் டேலி. கடைசியாக வந்தவர் கென்யாவின் ஃபிலிப் பாய்ட். இந்தப் பதிவு இரண்டாவது ஆளைப் பற்றியது. முதலாமவரும் வருவார், அவர் இல்லாமல் இந்தக் கதை நகராது.

கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங் என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பனிச்சறுக்கு என்றதும் நமக்குத் தோன்றுவது ஹாலிவுட் படத்தில் ஹீரோ மலை உச்சியிலிருந்து சர்ரென்று இறங்குவதுதான். அது ஆல்பைன் ஸ்கீயிங். அதில் புவியீர்ப்பு பாதி வேலையைச் செய்துவிடும். கிராஸ் கன்ட்ரியில் ஏற்றம், இறக்கம், சமதளம் எல்லாம் கலந்து வரும். நம் உடம்பை நாம்தான் இழுத்துக்கொண்டு போக வேண்டும். காலில் நீளமான, ஒல்லியான இரண்டு ஸ்கீ. குதிகால் கட்டப்படாமல் மேலே எழும். கையில் இரண்டு கோல். மூச்சு வாங்கும் விஷயத்தில் இதை மிஞ்சிய விளையாட்டு குறைவு. உடம்பு ஒரு நிமிடத்தில் எவ்வளவு ஆக்ஸிஜனை எரிக்கும் என்று அளந்தால் உலகிலேயே உச்ச அளவுகள் இந்த வீரர்களிடம்தான் கிடைக்கின்றன. டேலிக்கு அது ஒரு கிலோ எடைக்கு 96 மில்லிலிட்டர் வரை போனதாகச் சொல்வார்கள். சாதாரணமாக உடற்பயிற்சி செய்யும் இளைஞருக்கு அதில் பாதி இருந்தால் பெரிய விஷயம்.

அப்படியானால் உலகிலேயே நன்றாக மூச்சைத் தாக்குப்பிடித்து ஓடுபவர்களைக் கொண்டுவந்து ஸ்கீயை மாட்டிவிட்டால்? இந்தக் கேள்வி ஒரு ஷூ கம்பெனிக்குத் தோன்றியது. நைக்.

கென்யாவின் எல்டோரெட் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். நம் ஊட்டியை விடச் சற்றுக் குறைவான உயரம். கலெஞ்சின் இனத்தவர் வாழும் அந்த வட்டாரத்திலிருந்து வந்த ஓட்டக்காரர்களின் பட்டியலைப் போட்டால் இந்தப் பதிவு முடியாது. ஃபிலிப் பாய்ட் 1971 டிசம்பரில் அங்கே பிறந்தார். விவசாயம் பார்த்தவர், 800 மீட்டர் ஓடியவர். அவருடைய உறவினர் மைக் பாய்ட் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 800 மீட்டரில் வெண்கலம் வென்றவர். அந்த மைக் பாய்டின் கதை தனிச் சோகம். 1976 மாண்ட்ரியலில் தங்கம் வெல்ல வாய்ப்புள்ளவர்களில் ஒருவராக இருந்தார். நியூசிலாந்தின் ரக்பி அணி நிறவெறி தென்னாப்பிரிக்காவுக்குப் போய் விளையாடியதை எதிர்த்து ஆப்பிரிக்க நாடுகள் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன, கென்யாவும் சேர்ந்து. 1980 மாஸ்கோவையும் கென்யா புறக்கணித்தது. நல்ல வயது முழுவதும் அப்படியே போயிற்று. ஓடத் தெரிந்தால் மட்டும் போதாது, ஓட விடுவதும் விடாததும் வேறு யார் கையிலோ இருக்கிறது என்பதை அந்தக் குடும்பம் முன்பே பார்த்துவிட்டது.

ஃபிலிப் நல்ல ஓட்டக்காரர்தான். ஆனால் கென்யாவில் நல்ல ஓட்டக்காரராக இருப்பதும் சென்னையில் நன்றாக கிரிக்கெட் ஆடுவதும் ஒன்றுதான். தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். தேசிய அணியில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. அந்த நேரத்தில்தான் நைக் வந்தது. ஃபிலிப் பாய்ட், ஹென்றி பிட்டோக் என்ற இருவரைத் தேர்ந்தெடுத்து 1996 பிப்ரவரியில் ஃபின்லாந்துக்கு அனுப்பியது. செலவெல்லாம் கம்பெனியுடையது. அதற்கு முன் பாய்ட் பனியைப் பார்த்ததே இல்லை. (கென்யாவில் பனியே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மவுண்ட் கென்யாவின் உச்சியில் பனியாறுகள் உண்டு, வருடா வருடம் கரைந்துகொண்டு வந்தாலும். ஆனால் அதில் ஸ்கீ போட்டுப் பயிற்சி எடுக்க முடியாது.) கொந்தியோலாஹ்தி என்ற ஊரில் யூஸ்ஸி லெஹ்தினென் என்ற பயிற்சியாளரிடம் இருவரையும் ஒப்படைத்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு காமர்ஸ் மாணவனாகக் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. ஸ்பான்சர்ஷிப் என்பது தானதர்மம் இல்லை என்று எங்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவார்கள். 1988 கால்கரி ஒலிம்பிக்கில் ஜமைக்காவின் பாப்ஸ்லெட் அணி கலந்துகொண்டதும், 1993ல் அதை வைத்து ‘கூல் ரன்னிங்ஸ்’ என்ற படம் வந்து நன்றாக ஓடியதும் எல்லோருக்கும் தெரியும். வெயில் நாட்டுக்காரர் பனியில் நிற்கும் காட்சிக்கு உலகம் முழுக்க மார்க்கெட் இருக்கிறது என்று தெரிந்தாகிவிட்டது. இன்னொரு பக்கம், ஆசியாவில் நைக் ஷூ தைக்கும் தொழிற்சாலைகளில் கூலியும் வேலை நேரமும் எப்படி இருக்கின்றன என்று அமெரிக்காவில் பெரிய சர்ச்சை ஓடிக்கொண்டிருந்த காலம் அது. நாகானோ முடிந்து மூன்றே மாதத்தில், 1998 மே மாதம், நைக்கின் தலைவர் ஃபில் நைட் வாஷிங்டனில் பத்திரிகையாளர்கள் முன்னால் நின்று, தங்கள் பெயர் அடிமைக் கூலிக்கு மறுபெயராக ஆகிவிட்டது என்று தானே ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. பாய்டை அனுப்பியதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நல்ல கதை ஒன்று தேவைப்பட்ட கம்பெனிக்கு நல்ல கதை ஒன்று கிடைத்தது என்று சொல்லலாம். இது வெறும் விளம்பர ஸ்டண்ட், ஒலிம்பிக்கைக் கேலிக்கூத்தாக்குகிறார்கள் என்று அப்போதே பலர் திட்டினார்கள். அந்தத் திட்டு முழுக்கத் தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை.

சரி, மேட்டருக்கு வருவோம். ஓடுகிறவன் ஏன் உடனே ஸ்கீ வீரன் ஆகிவிட முடியாது?

கிளாசிக்கல் முறையில் பனியில் முன்கூட்டியே இரண்டு இணையான தடங்கள் வெட்டி வைத்திருப்பார்கள், ரயில் தண்டவாளம் மாதிரி. அதில் ஒரு காலால் பின்னுக்கு உதைத்து மறு காலில் வழுக்கிப் போக வேண்டும். உதைக்கும்போது ஸ்கீ பனியைப் பிடிக்க வேண்டும், வழுக்கும்போது பிடிக்கவே கூடாது. ஒரே பலகை இரண்டு வேலையையும் செய்வதற்காக அதை வில் போல் லேசாக வளைத்துச் செய்கிறார்கள். நடுப்பகுதியில், பாதத்துக்கு நேர் கீழே, பிடிமானத்துக்கான மெழுகு தடவுகிறார்கள். முழு எடையையும் ஒரு காலில் போட்டு அழுத்தினால்தான் அந்த நடுப்பகுதி பனியைத் தொடும். எடையைப் பாதி பாதியாக வைத்தால் உதையும் கிடைக்காது, வழுக்கலும் கிடைக்காது.

ஓட்டக்காரனுக்குச் சிக்கல் இங்கேதான். ஓடும்போது ஒரு கால் தரையைத் தொட்ட உடனே அடுத்த கால் கிளம்பிவிட வேண்டும், அதுதான் வேகம். ஸ்கீயில் அப்படி அவசரப்பட்டால் வேகம் போய்விடும். ஒற்றைக் காலில் நின்றபடி, பலகை தானாகப் போவதற்குக் காத்திருக்க வேண்டும். பனி நாட்டுக் குழந்தைகள் நடக்கப் பழகியதும் ஸ்கீ மாட்டிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு அந்தக் காத்திருப்பு உடம்பிலேயே இருக்கிறது. 24 வயதுக்கு மேல் ஒருவர் அதைக் கற்பது, நமக்கு அந்த வயதில் வீணை கற்றுக்கொடுத்து இரண்டே வருடத்தில் மியூசிக் அகாடமி மேடையில் உட்கார வைப்பது போல. இதோடு தோளும் கையும் வேறு. 800 மீட்டர் ஓடுகிறவனுக்குத் தோள் பலம் அவ்வளவு தேவையில்லை, தேவையில்லாத எடை. ஸ்கீயில் கோலை ஊன்றித் தள்ள அது இல்லாமல் முடியாது.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். 47 நிமிடம் 25 வினாடி என்றால் கிலோமீட்டருக்கு நாலே முக்கால் நிமிடம். பாய்ட் ஷூ போட்டுக்கொண்டு சாதாரண ரோட்டில் ஓடினால் இதைவிட எவ்வளவோ வேகமாக ஓடுவார். அவருக்கு மிக நன்றாகத் தெரிந்த ஒரு வேலையை, காலில் இரண்டு பலகையைக் கட்டி, அவராலேயே செய்ய முடியாதபடி ஆக்கியிருந்தார்கள். அப்படிப் பார்த்தால் அந்த 92ஆவது இடம் வேறு மாதிரித் தெரிகிறது, இல்லையா?

இரண்டு பேர் ஃபின்லாந்து போனாலும் நாகானோவுக்குப் போனது பாய்ட் மட்டும்தான். குளிர்கால ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட முதல் கென்யர். தொடக்க விழாவில் கொடி பிடித்தவரும் அவரே, அணியும் அவரே. அணிவகுப்பில் பின்னால் வர வேறு வீரர் யாரும் இல்லை.

போட்டி நாள் அன்று வானிலை மோசம். குளிர் அதிகமாக இருந்தால் இந்த விளையாட்டுக்கு நல்லது. பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்தில் ஈரமாக இருந்தால்தான் தொல்லை. எந்த மெழுகு போடுவது என்று நிபுணர்களே திணறுவார்கள். தப்பாகப் போட்டால் ஸ்கீயின் அடியில் பனி அப்பிக்கொண்டு, செருப்பில் களிமண் ஒட்டிய மாதிரி ஆகிவிடும். மூன்று நாள் முன்பு, 30 கிலோமீட்டர் போட்டியில் இதே தொல்லையில் மாட்டியவர் சாட்சாத் பியோர்ன் டேலி. அந்தப் போட்டிக்குள் ஐந்து ஒலிம்பிக் தங்கத்தோடு வந்த மனிதர், 20ஆவது இடத்தில் முடித்தார். நார்வேக்காரர்களுக்கு இது நமக்கு சச்சின் டக் அவுட் ஆன மாதிரி.

பிப்ரவரி 12 அன்று டேலி பழி தீர்த்தார். ஆஸ்திரியாவின் மார்க்குஸ் கான்ட்லரை 8 வினாடியில் முந்தி ஆறாவது தங்கம். குளிர்கால ஒலிம்பிக்கில் ஆறு தங்கம் வென்ற முதல் ஆண். பிறகு வழக்கமாக நடக்க வேண்டியது என்ன? மூன்று பேர் மேடையேற வேண்டும், கேமராக்கள் மின்ன வேண்டும், எல்லோரும் ஹோட்டலுக்குக் கிளம்ப வேண்டும்.

ஆனால் தடத்தில் இன்னும் ஒருவர் இருந்தார். அவருக்கு முன்னால் வந்த 91ஆவது ஆள் பல நிமிடங்களுக்கு முன்பே முடித்துவிட்டார். ஈரப் பனி ஸ்கீயில் ஒட்ட, விழுந்து எழுந்து, பாய்ட் தனியாக வந்துகொண்டிருந்தார். அதிகாரிகள் விழாவை ஆரம்பிக்கத் தயாராக இருந்தார்கள். டேலி போகவில்லை. விழாவைத் தள்ளி வைக்கச் செய்து, முடிவுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே நின்றார். பார்வையாளர்களும் போகாமல் சத்தம் போட்டு உற்சாகப்படுத்தினார்கள். பாய்ட் கோட்டைக் கடந்ததும் டேலி அவரைக் கட்டிப்பிடித்தார். அந்தப் புகைப்படம் உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் வந்தது. நைக் எவ்வளவு பணம் கொட்டியிருந்தாலும் அப்படி ஒரு படத்தை வாங்கியிருக்க முடியாது. சும்மாவே கிடைத்தது.

டேலி ஏன் காத்திருந்தார்? நல்ல மனசு என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். எனக்கு அந்த மூன்று நாள் முந்தைய 20ஆவது இடம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. ஈரப் பனியில் ஸ்கீ ஒட்டினால் எப்படி இருக்கும் என்பது அந்த வாரம் அவருக்கு ரொம்பவே தெரிந்திருந்தது. உலகத்திலேயே தலைசிறந்த மெழுகு நிபுணர்கள் பக்கத்தில் இருந்தும் தான் பட்ட பாட்டை, பனி பார்த்து இரண்டே வருடம் ஆன ஒருவர் 47 நிமிடம் பட்டுவிட்டு, பாதியில் வெளியேறாமல் வருகிறார். இது என் ஊகம் மட்டுமே, அவர் வாயிலிருந்து வந்ததல்ல.

பாய்ட் அதற்குப் பதில் செய்தார். நாகானோவுக்குப் பிறகு பிறந்த தன் மகனுக்கு டேலி என்றே பெயர் வைத்தார். டேலி பாய்ட். எல்டோரெட்டில் ஒரு நார்வேப் பெயர். நம் ஊரில் ஸ்டாலின்களும் காந்திகளும் இருக்கும்போது நாம் ஆச்சரியப்படக் கூடாது :-)

பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்த கதை இதோடு முடிந்துவிடுகிறது. கட்டிப்பிடித்தார்கள், மகனுக்குப் பெயர் வைத்தார், சுபம். எனக்குப் பிடித்த பகுதி இதற்குப் பிறகுதான்.

நாகானோ முடிந்ததும் நைக் விலகிக்கொண்டது. கணக்குப்படி சரிதான். போட்ட முதலுக்கு மேலே விளம்பரம் வந்தாகிவிட்டது. கடைசி இடத்தில் வரும் ஒருவரை இரண்டாவது முறையும் காட்டினால் யார் பார்ப்பார்கள்? முதல் தடவைதான் செய்தி. ஆக, 26 வயதில் பாய்டுக்கு ஊர் திரும்பி, ஃபோட்டோவை மாட்டிவிட்டு, மாடு கன்றைப் பார்த்துக்கொண்டிருக்க எல்லா நியாயமும் இருந்தது. விளம்பர ஸ்டண்ட் என்று திட்டியவர்கள் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

அவர் விடவில்லை. எல்டோரெட் பக்கத்து ரோடுகளில் ரோலர் ஸ்கீ மாட்டிக்கொண்டு பயிற்சி செய்தார். ரோலர் ஸ்கீ என்பது அடியில் சக்கரம் வைத்த குட்டை ஸ்கீ. பனி இல்லாத கோடை மாதங்களில் நார்வேக்காரர்களே அதில்தான் பயிற்சி எடுப்பார்கள். கென்யாவில் பன்னிரண்டு மாதமும் கோடை, அவ்வளவுதான் வித்தியாசம். லாரியும் மினிபஸ்ஸும் போகிற ரோட்டில், இரண்டு கோலை ஊன்றிக்கொண்டு ஒருவர் போவதை அந்த ஊர்க்காரர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். சுற்றிலும் எல்லோரும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் ஊர் வேறு!

2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக். மறுபடியும் கென்யாவின் ஒரே வீரர், மறுபடியும் கொடி அவர் கையில். இந்த முறை கடைசி இடம் இல்லை. அவருக்குப் பின்னால் வந்தவர்களில் கேமரூனின் ஐசக் மெனியோலியும் உண்டு. மெனியோலி அமெரிக்காவில் வேலை பார்த்த கட்டடக் கலைஞர். தன் நாட்டில் எய்ட்ஸ் பற்றிப் பேச வைப்பதற்காகவே ஒலிம்பிக்குக்கு வந்தேன் என்று வெளிப்படையாகச் சொன்னவர். நாகானோவில் ஒரே ஒரு கறுப்பு ஆப்பிரிக்க ஸ்கீ வீரர் என்று பாய்டைக் காட்டினார்கள். நான்கு வருடத்தில் அவருக்குப் போட்டிக்கு ஆள் வந்துவிட்டது.

அந்த ஒலிம்பிக்கில் பியோர்ன் டேலி இல்லை. 1999 ஆகஸ்டில் ரோலர் ஸ்கீ பயிற்சியின்போது விழுந்து முதுகில் அடிபட்டு, அதிலிருந்து மீள முடியாமல் 2001ல் ஓய்வு பெற்றுவிட்டார். எட்டுத் தங்கம், நான்கு வெள்ளி, மொத்தம் 12 பதக்கம். அவர் ஓய்வு பெற்றபோது குளிர்கால ஒலிம்பிக்கில் அதைவிட அதிகம் வாங்கியவர் யாரும் கிடையாது. பிறகு அவர் தன் பெயரிலேயே ஸ்கீ உடைகள் விற்கும் பிராண்டு, நிலம், வீடு என்று வியாபாரத்தில் இறங்கி நன்றாகவே சம்பாதித்தார். (இதற்குத் தனியாக ஒரு பதிவே போடலாம், எங்கள் பாடத்துக்கு நேரடியாகப் பொருந்தும்.) முடிவுக்கோட்டில் காத்திருந்தவர் களத்தை விட்டுப் போய்விட்டார், கடைசியாக வந்தவர் இன்னும் போட்டியில் இருந்தார்.

2006 டூரின் ஒலிம்பிக்கில் பாய்டுக்கு 34 வயது. 15 கிலோமீட்டர் கிளாசிக்கல். அங்கேயும் அவருக்குப் பின்னால் சிலர் வந்தார்கள். அந்த ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவும் முதல் முறையாக ஒரு கிராஸ் கன்ட்ரி வீரரை அனுப்பியிருந்தது, ராபெல் தெக்லெமரியம். இவர் பாய்டைவிட வேகமானவர். ஓட்டத்தில் கென்யாவுக்கும் எத்தியோப்பியாவுக்கும் உள்ள தீராத போட்டி, பனியிலும் பட்டியலின் அடிப்பகுதியில் நடந்துகொண்டிருந்தது. டிவி எதுவும் அதைக் காட்டியிருக்காது.

பதக்கம் இல்லை, பக்கத்தில்கூடப் போகவில்லை, காசும் இல்லை. பிறகு எதற்காக இத்தனை வருடம்? எங்கள் பாடத்தில் ‘குட்வில்’ என்று ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியாத சொத்து. கடையை விற்கும்போது அதற்கும் ஒரு விலை போட்டு பேலன்ஸ் ஷீட்டில் எழுதுவோம். நாகானோவில் உருவான குட்வில்லை நைக் எடுத்துக்கொண்டு போய்விட்டது என்று முதலில் நினைத்தேன். ஆனால் 1998க்குப் பிறகான பாய்டைப் பார்த்தால் அவர் அந்தக் கணக்கிலேயே இல்லை. யாரோ ஒரு கம்பெனி தன் காரியத்துக்காகக் கையில் கொடுத்த ஒன்றை, அவர்கள் போன பிறகு இவர் தன்னுடைய தொழிலாகவே எடுத்துக்கொண்டுவிட்டார். ஆரம்பித்தவனுக்கு அது விளம்பரம். தொடர்ந்தவனுக்கு அது என்ன என்று சொல்ல எங்கள் புத்தகத்தில் வார்த்தை இல்லை.

2010 வான்கூவருக்கு அவர் தகுதி பெறவில்லை. கென்யாவிலிருந்து வேறு யாரும் இல்லாததால் அந்த நாடே அந்த ஒலிம்பிக்கில் இல்லை. 2014லும் இல்லை. 2018ல் சப்ரினா சிமாடர் என்ற பெண் கென்யக் கொடியைப் பிடித்துக்கொண்டு வந்தார். கென்யாவில் பிறந்து ஆஸ்திரியாவில் வளர்ந்தவர், மலைச்சரிவில் இறங்கும் ஆல்பைன் வீராங்கனை.

பாய்ட் வான்கூவரோடு நிறுத்தவில்லை. 2011ல் உலக சாம்பியன்ஷிப் நார்வேயின் ஆஸ்லோவில் நடந்தது. டேலியின் நாடு, இந்த விளையாட்டின் தாய்வீடு. அந்தப் போட்டிப் பட்டியலில் கென்யா என்ற பெயருக்கு நேராக 39 வயது ஃபிலிப் பாய்ட் இருந்தார்.